என் மாமனார் ஒரு முற்பகல் மட்டும் காலமானார்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவைச் சாகடித்த பெண், எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (பதற வேண்டாம். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மனிதர் கூடத்தில் உட்கார்ந்து காப்பி ஆறிப்போய்விட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.) எனக்குக் கொலை நோக்கமெல்லாம் இல்லை. ஒருங்கிணைக்கத்தான் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருத்தணியில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள், தப்பு முழுவதும் என்னுடையது. அந்த வயதில் எனக்கு என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. நான் பிறவி நிர்வாகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கல்யாணத்தில் வேன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், யார் யார் அதில் ஏற வேண்டும் என்பதையெல்லாம் நான்தான் தீர்மானித்தேன். (அந்த வேனில் மாப்பிள்ளை ஏறவில்லை என்பது தாலி கட்டும் நேரத்தில்தான் தெரிந்தது. அதை நான் ஒரு சிறு குறையாகவே கருதினேன்.)

அந்தச் சமயத்தில் நிலநடுக்க ஒத்திகை ஒன்று நடத்த வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஆந்திர எல்லையில் இருக்கும் மலைகளுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம் வந்துவிட்டது, திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடம் இடிந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பு, போலீஸ், மருத்துவம், வருவாய், மின்சாரம், மத்திய மீட்புப் படை என்று எல்லாரும் வந்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், உள்ளே இருப்பவர்களை மீட்க வேண்டும். ஆந்திரா பக்கத்திலிருந்தும் பார்வையாளர்களாகச் சில அதிகாரிகள் வருவார்கள்.

"எல்லாத் துறைக்கும் நடுவுல போன்ல பேசி ஒருங்கிணைக்க ஒரு ஆள் வேணும்" என்றார் எங்கள் அதிகாரி. அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். பதினோரு பேர் தரையைப் பார்த்தார்கள். என் கை மட்டும் மேலே போய்விட்டது.

அன்று சாயங்காலம் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டுக்குப் போனால், நைனா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் நகரியிலிருந்து ஒரு வரன். பவர்லூம் வைத்திருக்கும் குடும்பம். பையன் பெயர் கிரிபாபு, டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை. வரும் புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

"புதன்கிழமையா? அன்னிக்குத்தான் நைனா நிலநடுக்கம்" என்றேன்.

"இன்னாது?"

விளக்கினேன். தேதியை மாற்றச் சொன்னேன். முடியாது என்றார். புதன்கிழமை அவர்கள் ஊரில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை. தறி ஓடாத நாளில்தான் அவர்களால் கிளம்ப முடியும். லீவு கேட்டுப் பார்த்தேன். "ஒத்திகை ஆரம்பிச்சதும் நீ கெளம்பிக்கோ, ஆரம்பிக்கிற வரைக்கும் இரு" என்றார் அதிகாரி. அங்கேதான் என் பிறவி நிர்வாகத் திறமை விழித்துக்கொண்டது.

"நைனா, அவங்களுக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாது. திருத்தணியில பஸ் எறங்கி நேரா ஒத்திகை நடக்கிற பள்ளிக்கூட மைதானத்துக்கு வரட்டும். ஒத்திகை ஆரம்பிச்சதும் நான் அவங்கள ஆட்டோவுல கூட்டிகினு வந்துடறேன்."

"பொண்ணு பாக்க வர்றவங்கள பொண்ணே கூட்டிகினு வர்றதா? ஊர்ல சிரிப்பாங்கடி."

"அதெல்லாம் பழைய காலம் நைனா."

அவரும் நம்பிவிட்டார். என்னை நம்பியவர்கள் வரிசையில் அவர் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

புதன்கிழமை காலை பையனின் அப்பா முனிரத்தினத்தோடு போனில் பேசினேன். தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும் மெதுவான குரல். "கிழக்கு கேட்டுக்கிட்ட ஒரு வேப்பமரம் இருக்குங்க. அங்கேயே நில்லுங்க, நான் வந்துடறேன்" என்றேன். "ஆங், சரிம்மா. நிக்கிறோம். நகர மாட்டோம்" என்றார். நகர மாட்டோம் என்று சொன்னால் நகராத மனிதர் அவர். அது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த போன் தீயணைப்பு வண்டியிலிருந்து. காயம்பட்டவர்களாக நடிக்கக் கல்லூரி மாணவர்கள் வருவதாக ஏற்பாடு. அவர்களும் கிழக்கு கேட்டில்தான் கூட வேண்டும். (இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கேட்டைச் சொல்லியிருக்கிறோமே என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறது. எனக்கு அன்று தோன்றவில்லை.)

"மேடம், அடிபட்டவங்க எங்க இருப்பாங்க?"

"கிழக்கு கேட்ல சார். அங்க நிக்கிறவங்க எல்லாரையும் எடுத்துக்கோங்க. கொஞ்சம் மறுப்பாங்க, கத்துவாங்க. அது நடிப்புதான், நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். விட்டுடாதீங்க."

"ஓகே மேடம்."

மாணவர்கள் வர வேண்டிய வேன் வழியில் பஞ்சர்.

ஒத்திகை ஆரம்பிப்பதற்கு சைரன் அடிக்க வேண்டும். சைரனைப் பள்ளிக்கூடத்து பிளக்கில் நான்தான் மாட்டவைத்தேன். நிலநடுக்கம் வந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்பதால், சரியாக அதே நேரத்தில் லைனை ஆஃப் செய்யும்படி மின்சாரக்காரரிடமும் நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அவர் கடமை தவறாதவர். சைரன் 'ஊ' என்று கூட முடிக்கவில்லை, 'உ'வோடு நின்றுவிட்டது. அதைக் கேட்ட தீயணைப்புக்காரர்கள் நிலநடுக்கம் வந்துவிட்டது என்று ஓடினார்கள். மருத்துவக் குழு முழு சைரனுக்காகக் காத்திருந்தது. மத்தியப் படை வீரர்கள் ஆரஞ்சு உடுப்பில் வரிசையாக நின்று, "பூகம்ப் ஆ கயா?", நிலநடுக்கம் வந்துவிட்டதா என்று இந்தியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். போலீஸ் மட்டும் சுறுசுறுப்பாகச் சாலையின் இரண்டு முனையிலும் தடுப்பு போட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிலநடுக்கம் வந்ததா, பாதி வந்ததா? தலையில் ஹெல்மெட், முகத்தில் தூசிக்கான மாஸ்க், மேலே பளபளக்கும் பச்சைக் கோட், கையில் மைக். மைக்கும் அந்த லைனில்தான் மாட்டியிருந்தது.

இந்த நேரத்தில் கிழக்கு கேட்டில் நடந்ததைப் பிறகு மூன்று பேர் வாயிலாகக் கேட்டுக் கோத்துச் சொல்கிறேன்.

முனிரத்தினம் வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சட்டையில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜம்மா, பட்டுப்புடவையில், கையில் பூவும் பழமும் லட்டும் வைத்த தட்டோடு. கிரிபாபு தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அப்போது ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"வாங்க ஐயா, படுங்க."

"நாங்க பொண்ணு பாக்க வந்திருக்கோம்ப்பா" என்றார் அவர்.

தீயணைப்பு வீரர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "மேடம் சொன்னாங்க இல்ல, மறுப்பாங்கன்னு" என்றிருக்கிறார். "ஐயா, நல்லா பண்றீங்க. ஆனா உங்களுக்கு நினைவு தப்பிடுச்சி. பேசக் கூடாது. யார் கேட்டாலும் பேசக் கூடாது, சரியா?"

முனிரத்தினம் அரசாங்க உடுப்பு போட்ட யார் சொன்னாலும் கேட்பவர். பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்து மருத்துவக் குழுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நர்ஸ் ஒருவர் குனிந்து, "ஐயா, பேர் என்ன? நான் பேசறது கேக்குதா?" என்று கேட்டார். பதில் இல்லை. கிள்ளிப் பார்த்தார். முனிரத்தினம் வலியையும் மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தார். காயம் குறைவானவர்களுக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், உயிருக்குப் போராடுபவர்களுக்குச் சிவப்பு என்று கையில் சீட்டு கட்டுவார்கள். எழுப்பியும் எழாதவருக்கு ஒன்றுதான் மிச்சம். கறுப்புச் சீட்டு கட்டி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, மைதானத்தின் ஓரத்தில் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த நிழலில் படுக்கவைத்துவிட்டார்கள்.

சரோஜம்மாவுக்குக் காயம் எதுவும் இல்லை. அதனால் அவரை நிவாரண முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம் இருந்தது பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழைமரம்கூட இருந்தது, முந்தின நாள் ஏதோ நிச்சயதார்த்தம். சரோஜம்மா மண்டபத்தைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துபோனார். பெண் பார்க்க வந்ததற்கே மண்டபம் பிடித்திருக்கிறார்களே!

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் கிராம நிர்வாக அலுவலர் வளர்மதி அக்கா. ஓடி வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய், பாய் போட்டு உட்காரவைத்து, சூடாகப் பொங்கல் கொடுத்து, நிவாரணப் பொருளாக ஒரு போர்வையும் பக்கெட்டும் மக்கும் கொடுத்திருக்கிறார். போர்வை புரிந்தது சரோஜம்மாவுக்கு. பக்கெட்தான் புரியவில்லை. இந்தப் பக்கம் பழக்கம் போலிருக்கிறது என்று வாங்கிவைத்துக்கொண்டார். பிறகு பஞ்சர் ஒட்டி வந்து சேர்ந்த மாணவர்கள் கட்டும் பிளாஸ்திரியுமாக வரிசையாக உட்கார்ந்ததும், பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று எல்லாருக்கும் தட்டிலிருந்த லட்டைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார்.

"ஏம்மா, இதுல பொண்ணு யாரு?" என்று வளர்மதி அக்காவைக் கேட்டாராம்.

"பொண்ணுன்னு தனியா யாரும் இல்லங்க. இங்க எல்லாருமே பாதிக்கப்பட்டவங்கதான்."

கிரிபாபு தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வாசலில் நின்ற போலீஸ்காரரிடம், "சார், ஆந்திராலேர்ந்து வந்திருக்கோம்..." என்று ஆரம்பித்திருக்கிறார். அவ்வளவுதான். போலீஸ்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, நேராக மேடைக்கு அழைத்துப்போய், பார்வையாளர் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டார்.

நான் மோர் டம்ளரோடு மேடை ஏறியபோது அவர் அங்கே பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே ஒரு போட்டோதான் என் போனுக்கு வந்திருந்தது. அதில் கண்ணாடி உண்டு, தாடி கிடையாது. நேரில் தாடி உண்டு, கண்ணாடி கிடையாது. என்னைப் பொறுத்தவரை அவர் ஆந்திரப் பார்வையாளர். அவரைப் பொறுத்தவரை நான் ஒரு ஹெல்மெட்.

"வணக்கம் சார். எங்க ஏற்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மேடம். எங்க அம்மாவையும் நைனாவையும் காணோம்."

பார்வையாளர்கள் திடீரென்று ஏதாவது ஒரு சூழ்நிலையைச் சொல்லிச் சோதிப்பார்கள், முழிக்காதே என்று அதிகாரி முதலிலேயே எச்சரித்திருந்தார். நான் முழிக்கவில்லை.

"காணாமல்போனவங்க பிரிவு அந்த மேசை சார். அடையாளம் சொன்னீங்கன்னா அஞ்சே நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவோம்."

"நைனா வெள்ள வேட்டி, சந்தனக் கலர் சட்ட. அம்மா பட்டுப்புடவ. கையில தட்டு இருக்கும்."

"சூப்பர் சார். ரொம்பத் தத்ரூபமா இருக்கு" என்று பாராட்டிவிட்டு இறங்கிவிட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டில் பார்க்கிறேன்.

படியிறங்கும்போதே போன் அடித்தது. நைனா.

"ஏம்மா, அவங்கள ஏத்திகினு கெளம்பிட்டியா? அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைச்சி வெச்சிருக்கா."

"இன்னும் அவங்க வரலையே நைனா."

"இன்னா சொல்ற? கேட்டாண்ட வந்து நிக்கிறோம்னு எப்பவோ போன் பண்ணாங்களே. பட்டுப்பொடவ கட்டிகினு, தட்டு எடுத்துகினு..."

பட்டுப்புடவை. தட்டு. மேடையைத் திரும்பிப் பார்த்தேன். தாடிக்காரர் பூங்கொத்தோடு எழுந்து நின்று, மைதானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடிக்கொண்டிருந்தார். நிலநடுக்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்த நொடிதான் தெரிந்தது.

கிழக்கு கேட்டுக்கு ஓடினேன். மரத்தடியில் ஒரு வாழைப்பழம் மட்டும் கிடந்தது. தீயணைப்பு வீரரைப் பிடித்தேன்.

"இங்க நின்னுகினு இருந்தாங்களே, வயசானவங்க ரெண்டு பேரு?"

"எடுத்துட்டோமே மேடம், நீங்க சொன்ன மாதிரியே. என்னமா நடிச்சாங்க! மெடிக்கல்ல ஒப்படைச்சிட்டோம்."

மருத்துவக் குழுவிடம் ஓடினேன். "அந்தம்மாவுக்குக் காயம் இல்லங்க, காயம் இல்லன்னா எங்ககிட்ட வெச்சிக்க மாட்டோம்" என்றார்கள். "ஐயா?" என்றேன். "எந்த ஐயா?" ஒரு தம்பி மேலே பார்த்து யோசித்துவிட்டு, "வெள்ள வேட்டியா? அவரு தவறிட்டாருங்க" என்றான். 'நகர்ந்துட்டாரு' என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

முனிரத்தினத்தின் நம்பரைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில், வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாகப் படுத்திருந்தவர்களில் மூன்றாவது துணிக்கு அடியிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. கெட்டிமேளம். அவருடைய ரிங்டோன். இருபக்கமும் இறந்துகிடந்த மாணவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மூன்றாவது துணி மட்டும் அசையவில்லை.

துணியை விலக்கினேன். ஒரு கண் மட்டும் திறந்தது.

"போன எடுக்கலாமாம்மா?" என்று கிசுகிசுத்தார். "பேசக் கூடாதுன்னாங்க."

"எந்திரிங்க, எந்திரிங்க, நான்தான் புவனா!"

"எந்த புவனா?"

பதில் சொல்வதற்குள் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார். "மேடம், பாடியத் தொடாதீங்க. உறவுக்காரங்க யாராவது வந்து அடையாளம் காட்டினாத்தான் விடுவோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

"நான்தான் உறவு."

"என்ன உறவு?"

என்ன சொல்வது? பெண் பார்க்க வந்தவர், இன்னும் பார்க்கவில்லை. யோசித்து யோசித்து வாயில் வந்தது ஒன்றுதான். "மாமனார்" என்றேன்.

கீழே கிடந்தவர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார், எழுந்து நின்றார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. கண் மேலே செருகியது. நெற்றியெல்லாம் வியர்த்தது. அப்படியே மடிந்து விழுந்தார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, பெண் வீட்டில் சாப்பிடுவோம் என்று வெறும் வயிற்றோடு கிளம்பியிருக்கிறார். செத்துக் கிடந்த நேரமெல்லாம் யாரும் அவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. செத்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்தானே.

"பிரமாதமா பண்றாரு" என்றார் போலீஸ்காரர்.

"சார், இது நடிப்பு இல்ல! இது நிஜம்!" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. ஏனென்றால், கூட்டத்தைப் பார்த்து 'இது நிஜம், காப்பாத்துங்க' என்று கத்த வேண்டும் என்று மாணவர்களுக்கு நான்தான் ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு மாணவிகள் உடனே என்னோடு சேர்ந்து, "இது நிஜம்! காப்பாத்துங்க!" என்று கத்தினார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகக் கத்தினார்கள்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்பு ஜில்லென்று இருந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணமோ வேலையோ எதுவும் நினைவில் இல்லை. நகர மாட்டோம் என்று காலையில் சொன்ன குரல் மட்டும் காதில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தேன், மாஸ்க்கைப் பிடுங்கினேன், வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மேடையிலிருந்து ஒருவர் பூங்கொத்தை வீசிவிட்டுக் குதித்தது தெரிந்தது. கிரிபாபு. ஹெல்மெட் போனதும் என் முகம் தெரிந்திருக்கிறது. என் மடியில் இருந்த முகமும் தெரிந்திருக்கிறது. ஓடி வந்து, "நைனா, நைனா" என்று கன்னத்தைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சர்க்கர கொறஞ்சிருக்கும். இனிப்பு ஏதாச்சும் குடுங்க" என்றார். கிள்ளிப் பார்த்த அதே நர்ஸ்தான் முதலில் புரிந்துகொண்டவர். குளுக்கோஸோடு ஓடி வந்தார். தீயணைப்பு வீரர்கள் ஸ்ட்ரெச்சரை எடுத்து வந்தார்கள். மத்தியப் படை வீரர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸைக் காட்டி அவர் கை நீட்டியதும், போலீஸ்காரர் யாரையும் கேட்காமல் தானே ஓடித் தடுப்பைத் தள்ளிவிட்டார்.

ஆம்புலன்ஸில் இருந்தவர் மட்டும் கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "கறுப்புச் சீட்டுங்க. எங்களுக்குச் சிவப்புச் சீட்டு மட்டும்தான் ஏத்தணும்னு ஆர்டர்."

(ஆர்டர் போட்டது யார் என்று திரும்பச் சொல்ல வேண்டுமா?)

கிரிபாபு வாதாடவில்லை. பக்கத்தில் கட்டோடு உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்த மாணவனின் கையிலிருந்து சிவப்புச் சீட்டைப் பிடுங்கி அப்பாவின் கையில் கட்டினார். கறுப்பை அறுத்து அந்த மாணவன் மடியில் போட்டார். கதவு திறந்தது. இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான். அவர் என்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மைதானத்தில் உண்மையாக நடந்த ஒருங்கிணைப்பு அது ஒன்றுதான். அதில் என் பங்கு, அழுதது.

ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் முனிரத்தினம் கண் திறந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு இதுதானா?"

"ஆங், நைனா" என்றார் கிரிபாபு.

"என்னப் பாத்து மாமனாருன்னு சொல்லிச்சிடா. நீ அதுக்குள்ள பேசி முடிச்சிட்டியா?"

பெண் பார்க்கும் வைபவம் இப்படி, சைரன் போட்டுக்கொண்டு நடந்தது. அந்த சைரன் ஒழுங்காக அடித்தது.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, பயப்பட ஒன்றும் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்கள். இட்லி வாங்கி வந்தோம். நாலு இட்லி உள்ளே போனதும்தான் அவருக்கு முழு நினைவு திரும்பியது. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உங்க அம்மா எங்கடா?"

நான் கிரிபாபுவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

மண்டபத்தில் சரோஜம்மா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தலையில் கட்டோடு பத்துப் பெண்கள். பக்கத்தில் பக்கெட், அதற்குள் போர்வை, போர்வைக்கு மேல் மக்கு. மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எங்கடா போன? எல்லாரும் தங்கமானவங்க. பாவம், எல்லாருக்கும் எங்கியோ அடிபட்டிருக்கு. பொண்ணையும் பாத்துட்டேன். கொஞ்சம் வயசு கூடத்தான், ஆனா ஒத்த ஆளா இவ்ளோ பெரிய மண்டபத்த கட்டி மேய்க்குது. எனக்குப் புடிச்சிருக்கு" என்று வளர்மதி அக்காவைக் காட்டினார்.

வளர்மதி அக்கா கையிலிருந்த கரண்டியை நழுவவிட்டார். "அம்மா, எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கம்மா. பெரியவன் ஒம்பதாவது படிக்கிறான்."

"நான்தான் பொண்ணுங்க" என்றேன் மெல்ல. தலைமுடி ஹெல்மெட்டின் வடிவத்தில் படிந்திருந்தது. கண் மை கன்னத்துக்கு வந்திருந்தது. சந்தன நிறச் சட்டைக்காரரின் வியர்வையும் குளுக்கோஸும் சுடிதாரில் ஒட்டியிருந்தன.

சரோஜம்மா என்னைப் பார்த்தார். வளர்மதி அக்காவைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு எங்க அடி?" என்று மகனைக் கேட்டார்.

கண்டிகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். நல்ல நேரம் போய், கெட்ட நேரம் போய், அடுத்த நல்ல நேரமும் போய்விட்டது. பஜ்ஜி ஆறி, கேசரி கட்டிதட்டி, பார்க்க வந்திருந்த சித்தப்பாக்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தார்கள். நைனா வாசலில் நின்று, முதலில் கீழே இறங்கிய பக்கெட்டைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்.

சம்பந்தம் முறிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். முனிரத்தினம் பாயில் உட்கார்ந்து கேசரியைத் தள்ளிவைத்தார். "எம் பையன் ரொம்பச் சாது. யார் எத சொன்னாலும் தலையாட்டுவான், என்ன மாதிரியே. இன்னிக்குத்தான் மொத தடவையா ஒருத்தன் கையிலேர்ந்து ஒண்ண புடுங்கியிருக்கான்னு சொன்னாங்க. இந்தப் பொண்ணாண்ட இருந்தா அவன் பொழச்சிக்குவான்" என்றார். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கல்யாணம் நடந்தது. பத்திரிகை, பந்தல், வேன் எதையும் என்னைத் தொடவிடவில்லை. எல்லாரும் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

இப்போது நகரியில்தான் இருக்கிறேன். திருத்தணிக்குப் பஸ்ஸில் போய்வந்து வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கீழே தறி, மேலே குடித்தனம். தறி ஓடும் நேரமெல்லாம் மாடி லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும், அலமாரியில் டம்ளர் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். போன வருடம் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்காகத் தறியை நிறுத்தியிருந்தார்கள். தறி நின்ற பிறகும் டம்ளர் கிணுகிணுத்தது. ஓர் ஐந்து விநாடி ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் உறைத்தது. தெரு முழுக்க ஓட்டம். லேசான நடுக்கம்தான், ஆனால் நிஜ நடுக்கம்.

வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் மாமனார் இல்லை. நான் மாடியைப் பார்த்து, "மாமா, ஓடி வாங்க!" என்றேன். கிரிபாபு, "நைனா, அங்கேயே இருங்க, நான் வர்றேன்" என்றார். மாமியார், "கட்டிலுக்கு அடியில போய்ப் படுங்க!" என்று கத்தினார்.

மாடி ஜன்னலில் மாமனாரின் தலை தெரிந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டு. பதற்றமே இல்லை.

"மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார். "அதுவரைக்கும் நான் சாப்ட்டுகினு இருக்கேன். இந்தத் தடவ வெறும் வயித்தோட சாக மாட்டேன்."